போகாத பயணத்துக்குப் புகை கிடையாது

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸின் மதிய ட்ரிப்பை கட் செய்துவிட்டார்கள். காலையில் ஒன்று வரும், சாயங்காலம் ஒன்று வரும், நடுவில் எதுவும் கிடையாது. ஊர்க்காரர்கள் டெப்போவில் போய்க் கேட்டதற்கு, மதியத்தில் ஏழெட்டுப் பேர்தான் ஏறுகிறார்கள், கலெக்‌ஷன் இல்லை என்றார்களாம். இது எல்லா ஊருக்கும் சொல்லும் பதில்தான். சிங்கப்பூரில் ஈசூனில் இருந்துகொண்டு இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத என்னைத் தூண்டியது வேறு ஒன்று. இங்கே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், நிறுவனங்களுக்குக் கரிம வெளியேற்றக் கணக்கு போட்டுக் கொடுப்பதே அவர் வேலை, பூமி சூடாவதைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "ஏழு பேருக்காக அவ்வளவு பெரிய டீசல் பஸ் ஓடுறது சுற்றுச்சூழலுக்கும் நல்லதில்லயே, நிறுத்தினது ஒரு வகையில சரிதான்" என்றார். அவர் நல்லவர் என்பதால்தான் அந்தப் பதில் எனக்குள் இவ்வளவு நாள் தங்கிவிட்டது.

அவர் கணக்கை முதலில் நியாயமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியே வரும். கிராமத்துச் சாலையில் ஓடுகிற பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 50 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் என்றால் கிலோமீட்டருக்கு 46 கிராம். ஆக பஸ்ஸில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 13, 14 கிராம்தான், பைக்கைவிட ரொம்பக் குறைவு. அதே பஸ்ஸில் ஏழு பேர் மட்டும் இருந்தால் ஆளுக்கு 77 கிராம் ஆகிவிடுகிறது. சுமார் 12 பேருக்குக் கீழே இறங்கினால், எல்லாரும் தனித்தனியாக பைக்கில் போவதே மேல் என்று காகிதம் சொல்லும். நண்பர் சொன்னதில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஏழு பேரிடம் பைக் இல்லை.

யார் அவர்கள் என்று எனக்குத் தெரியும். காலை பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஓபி சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் திரும்பி வருகிற பெரியவர்கள். முருங்கைக்காயும் கீரையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வருகிற இரண்டு மூன்று பெண்கள். பாதி நாள் வகுப்பு முடிந்த காலேஜ் பிள்ளைகள். முதியோர் பணம் எடுக்க பேங்குக்குப் போன ஒரு பாட்டி. இவர்களுக்கெல்லாம் அந்த மதிய பஸ் வீடு திரும்புகிற வழி. அதை எடுத்துவிட்டால் அவர்கள் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படி உட்கார முடியாதவர்கள் காலையிலேயே கிளம்ப மாட்டார்கள். மதிய ட்ரிப்பை வெட்டினால் காலை ட்ரிப்பிலும் கூட்டம் குறையும், ஆறு மாதம் கழித்து அதற்கும் கலெக்‌ஷன் இல்லை என்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு ரூட் சாகிற விதம் பெரும்பாலும் இதுதான், திரும்பி வரும் வண்டியை முதலில் எடுப்பார்கள், போகும் வண்டி தானாகவே காலியாகிவிடும்.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. போனில் கேட்டேன், மாத்திரை வாங்கப் போனீங்களா என்று. "எங்கப்பா போறது, போனா பொழுது சாயிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே கெடக்கணும், அங்க சாப்பாடு வாங்கித் திங்கவும் காசு வேணும்ல. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." அடுத்த மாதமும் இதையேதான் சொன்னார். இப்போது பெரியம்மாவின் போக்குவரத்து வெளியேற்றம் பூஜ்யம். நண்பரின் அட்டவணையில் அவரை ஒரு வரிசையில் போட்டால் பச்சை நிறத்தில் வருவார்.

எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். கிராமத்தில் போக்குவரத்துப் புகை குறைவாக இருக்கிறது என்றால் அதில் ஒரு பங்கு, போக வேண்டிய இடத்துக்குப் போகாதவர்களால் குறைந்தது. பார்க்காத வைத்தியம், சேராத காலேஜ், போகாத கல்யாணம், கேட்காத வேலை இவற்றுக்கெல்லாம் புகை கிடையாது. அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதுவது தப்பு. உலகத்தில் எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு போக்குவரத்திலிருந்து வருகிறது, அதைக் குறைத்தே ஆகவேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், சிங்கப்பூரில் அதைப்போல் நான்கு மடங்கு. குறைக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் எங்கள் ஊர் மதிய பஸ்ஸாக இருக்க முடியாது.

போகாத பயணத்தை யாருமே எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் சமூக விலக்கத்தைப் பற்றி ஆராய்வதற்கென்றே அரசுக்குள் ஒரு பிரிவு இருந்தது, அது 2003ல் போக்குவரத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. ஓராண்டில் 14 லட்சம் பேர், போக வழியில்லாத காரணத்தால், மருத்துவ உதவியைத் தவறவிட்டார்கள், வேண்டாம் என்றார்கள், அல்லது தேடவே இல்லை என்று அதில் இருந்தது. பணக்கார நாடு, ரயிலைக் கண்டுபிடித்த நாடு. அங்கே லண்டனுக்கு வெளியே 1986ல் பஸ்ஸைச் சந்தையின் கையில் விட்டார்கள், லாபம் இல்லாத கிராமத்து ரூட்டை ஓட்டுவதா வேண்டாமா என்பது உள்ளூராட்சியின் கையிருப்பைப் பொறுத்தது என்று ஆனது. தமிழ்நாட்டிலோ பஸ் பெருமளவு அரசின் கையிலேயே இருக்கிறது, ஆனால் கலெக்‌ஷன் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

பஸ் போனால் எல்லாருமே வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை, முடிந்தவர்கள் வண்டி வாங்குகிறார்கள். இங்கே தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சந்தித்த ஒரு தம்பி, எங்கள் பக்கத்து ஊர்தான், கட்டுமான வேலைக்கு வந்தவர், ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைத்து முடித்ததும் முதலில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "வண்டி வாங்கிக் கொடுத்தேண்ணே. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் கெஞ்ச வேண்டியிருந்துச்சு. இப்ப தம்பி ஓட்டுறான்." தெம்பனிஸிலும் தெங்காவிலும் வெயிலில் நின்று சம்பாதித்த வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அங்கே பெட்ரோல் வண்டியாக மாறுகிறது. ஊரில் பஸ் இருந்திருந்தால் அந்தப் பணம் வீட்டுக்கு ஓடு மாற்றப் போயிருக்கும், அல்லது தங்கச்சி படிப்புக்கு. அதோடு, ஒரு தடவை வண்டி வாங்கிவிட்டால் டீக்கடைக்கும் அதில்தான், ரேஷனுக்கும் அதில்தான். ஏழு பேர் ஏறிய பஸ்ஸை நிறுத்தி மிச்சம் பிடித்த புகையை இந்த வண்டிகள் ஒரு வருஷத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நினைக்கிறேன். அப்படியும் வீட்டில் எல்லாருக்கும் வழி பிறந்துவிட்டதா என்றால் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி, அது காலை ஏழு மணிக்கு ஆம்பளையோடு கிளம்பிவிடும். வீட்டில் இருக்கிற மருமகளும் மாமியாரும் பஸ் இருந்தபோது எங்கே போனார்களோ அங்கே போக இப்போது ஒருவரைக் கேட்கவேண்டும், அவர் கூட்டிப்போகும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கோயில் திருவிழா, வளைகாப்பு என்றால் குட்டியானையை வாடகைக்குப் பிடித்து, சரக்கு ஏற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு போகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்தால் சிங்கப்பூரைப் பார், எவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்வது வழக்கம். நானும் இந்த ஊர் பஸ்ஸில்தான் தினமும் போகிறேன், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எந்த வரிசையில் செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கேயும் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருந்தன, நீ சூன், மண்டாய், சுவா சூ காங் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்களிலும் அதைச் சுற்றியும் நம் சனங்கள் இருந்தார்கள். எங்கள் புளோக்கில் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒரு தாத்தா அப்படி ஒரு கம்பத்தில் பிறந்தவர், மண் ரோட்டில் மெயின் ரோடு வரை நடந்து வந்து நின்றால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தாலும் நிறைந்து வரும் என்பார். அந்த ஓட்டையை அடைத்தது லைசென்ஸ் இல்லாத பைரேட் டாக்சிகள். அரசாங்கம் 1970ல் அவற்றை ஒடுக்க ஆரம்பித்தபோது, அதே ஆண்டில் தொழிற்சங்கக் காங்கிரஸ் மூலமாக கம்ஃபர்ட் டாக்சிக் கூட்டுறவையும் தொடங்கியது. பத்து சீன பஸ் கம்பெனிகளை 1971ல் மூன்றாக்கி, 1973ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி சிங்கப்பூர் பஸ் சர்வீசஸ் என்று ஆக்கினார்கள். அதற்கப்புறம்தான், 1975 ஜூனில், நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழைகிற காருக்கு நாளுக்கு 3 வெள்ளி என்று வசூலித்தார்கள். எம்ஆர்டி ரயில் வந்தது 1987ல், கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய சிஓஇ சான்றிதழ் 1990ல். நகரத்துக்குள் நுழைய காருக்குக் கட்டணம் போடுவதற்கு முன்னால் காரில்லாமல் போக ஒரு வழியைச் சீர்செய்து வைத்திருந்தார்கள், அது போதாமலிருந்தாலும் இருந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனபோது புலம்பியவர்கள் நிறையப் பேர், ஆனால் அதனால் மருத்துவமனைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிங்கப்பூர் கம்பத்துக்கு நல்ல பஸ் விட்டு இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, கம்பத்துச் சனங்களை பஸ் வரும் இடத்தில் கட்டிய வீவக அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுவந்து தீர்த்தது. அதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்பது தனிக் கதை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன, அவர்களையெல்லாம் அப்படிப் பெயர்க்க முடியாது, பெயர்க்கவும் கூடாது. எனவே சிங்கப்பூரின் வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒட்டினால் நிற்காது.

பஸ் ரூட் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கேயும் தெரிந்த ஒரு சமயம் உண்டு. 2023 நவம்பரில், செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரை ஓடும் 167ஆம் எண் பஸ்ஸை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்தபின் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது காரணம். மக்கள் சத்தம் போட்டார்கள். ரயில் மாறி ஏற முடியாத வயதானவர்கள் இருக்கிறார்கள், வாசலிலிருந்து வாசலுக்குப் போகிற பஸ் வேண்டும் என்றார்கள். அரை மணிக்கு ஒரு பஸ் என்ற அளவில் அதைத் தொடரச் சம்மதித்தார்கள். பக்கத்திலேயே எம்ஆர்டி இருக்கிற ஊரில் இதற்கு இவ்வளவு நியாயம் இருக்கிறது என்றால், வேறு எந்த வண்டியும் இல்லாத ஊரில் எவ்வளவு இருக்கும்?

ஆளுக்கு எத்தனை கிராம் என்று மட்டும் பார்க்கிற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கேயே இன்னொரு காட்சியும் இருக்கிறது. துவாஸ், கிராஞ்சி பக்கத்துத் தங்குவிடுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். இருபது பேரை ஏற்றிய லாரிக்கு ஆளுக்கு எவ்வளவு புகை என்று வகுத்துப் பார்த்தால் அது பல பேர் ஓட்டும் காரைவிடச் சுத்தமாகத்தான் தெரியும். அதற்காக அதை யாராவது நல்ல போக்குவரத்து என்று சொல்வோமா? அவர்களை சீட்டும் பெல்ட்டும் உள்ள பஸ்ஸில் கொண்டுபோகவேண்டும் என்று பல வருஷமாகப் பலர் கேட்டுவருகிறார்கள், நானும் கேட்கிறேன்.

வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை பிரான்ஸ் 2018ல் பார்த்தது. எரிபொருள் மீதான கரிம வரியை 2019 ஜனவரியில் ஏற்றப்போகிறோம் என்றார்கள், டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட். நவம்பரில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு ரவுண்டானாக்களில் வந்து உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் கிராமத்தையும் சிறு ஊரையும் சேர்ந்தவர்கள், வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் கார் இல்லாமல் போகவே முடியாதவர்கள். பாரிஸில் மெட்ரோ ஏறிப் போகிறவருக்கு அந்த வரி தெரியாது, இவர்களுக்கு மாதச் சம்பளத்தில் தெரியும். டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. பருவநிலையைக் காக்கிற ஒரு நடவடிக்கை, சுமையை மாற்று வழியில்லாதவர் தலையில் இறக்கியதால் தோற்றது. அதில் தோற்றது பருவநிலையும்தான்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே நடந்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கொண்டுவந்தார்கள், இப்போது விடியல் பயணம் என்கிறார்கள். மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேல் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் பக்கத்தில் அந்தக் காசு நூறு நாள் வேலையில் சில நாள் கூலி. அம்மாக்கள் அக்காக்கள் தனியாக டவுனுக்குப் போய்வர ஆரம்பித்தார்கள், சும்மா தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருவதற்குக்கூட. ஆனால் ஓடாத பஸ்ஸில் இலவசத்துக்கு என்ன பொருள்? பெண்கள் ஏறுகிற பஸ்ஸில் கலெக்‌ஷன் இல்லை என்று அதே பஸ்ஸின் ட்ரிப்பை வெட்டினால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது.

புதுக்கோட்டைக்காரன் என்பதால் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுக்கச் சொன்னார், பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க் கடன் கிடைக்கவும் வழி செய்தார். வயல்காட்டுப் பெண்கள், கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஆயாக்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். என் பெரியம்மாவும் அதில் ஒருவர். பின்னால் கேரியரில் என்னை உட்காரவைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். புகையே இல்லாத வண்டி, யார் அனுமதியும் தேவையில்லாத வண்டி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் மாவட்டம் காட்டியது. இப்போது பெரியம்மாவின் முழங்கால் மிதிக்க விடுவதில்லை, ஆஸ்பத்திரியும் சைக்கிள் தூரத்தில் இல்லை.

சாதியைத் தொடாமல் இதைப் பேசினால் பாதிப் பேச்சுதான். 1997ல் விருதுநகரை மையமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, தலித் சமூகத்தைச் சேர்ந்தவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பிய எதிர்ப்பு கலவரமானது, கடைசியில் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயரையே பொறுக்க முடியாத இடத்தில், அந்த பஸ் காலனி ஸ்டாப்பில் நிற்குமா, அல்லது ஊர் ஸ்டாப்போடு திரும்பிவிடுமா என்பது சின்னக் கேள்வி இல்லை. ஷேர் ஆட்டோ வரும், லிப்ட் கிடைக்கும் என்பவர்கள், யாருக்கு லிப்ட் கிடைக்கும் என்பதை யோசிக்கவேண்டும். பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

சரி, மின்சார பஸ் வந்தால் புகைப் பிரச்சினை தீருமே என்று கேட்கலாம். தீரும், வரட்டும். சிங்கப்பூர் 2030க்குள் பொது பஸ்களில் பாதியை மின்சாரமாக்கப்போகிறது. இந்தியாவில் 2023ல் அறிவித்த பிஎம் இ-பஸ் சேவா திட்டத்தில் 10,000 மின்சார பஸ்கள், அவை போகப்போவது 169 நகரங்களுக்கு. கிராமம் அந்தப் பட்டியலில் இல்லை. நகரத்தில் ஓடித் தேய்ந்த டீசல் பஸ் கடைசியில் எங்கள் ரூட்டுக்கு வரும், அப்புறம் அது ரொம்பப் புகை விடுகிறது என்று அதையே காரணமாகச் சொல்வார்கள். ஏழு பேர் ஏறும் நேரத்துக்கு ஐம்பது பேர் பஸ் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பதில் சின்ன வண்டி. 1997லேயே மினி பஸ் திட்டம் வந்த மாநிலம் அது, 2025ல் புதிதாக விரித்தும் இருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஆண்டு முழுக்க 100 பேர் வாழ்கிற குடியிருப்பு என்றால் அதைப் பொதுப் போக்குவரத்தோடு இணைக்க மத்திய அரசும் மாநிலமும் காசு போடும், மலை உச்சிக்குக்கூட மஞ்சள் தபால் பஸ் ஏறும். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கு முன்னால், எத்தனை பேர் அங்கே வாழ்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். போகாத பயணத்தை எப்படி அட்டவணையில் போடுவது, அதற்கு ஓர் எண் வேண்டுமே என்றார், அது நல்ல கேள்வி. ஊரில் வீடு வீடாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், போன மாதம் போகவேண்டியிருந்து போகாமல் விட்ட இடம் எது, ஏன் என்று. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதை எப்படித் தொகுப்பது என்று நண்பரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த நோட்டை வைத்து ஒரு மனு தயாராகிறது, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்க. மதியம் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு மினி பஸ், காலனி ஸ்டாப் வரை, ஞாயிறு தவிர எல்லா நாளும், ஒரு வருஷத்துக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு ஆட்கள் எத்தனை என்று எண்ணுங்கள், அதற்குள் வெட்டாதீர்கள் என்று கேட்டிருக்கிறோம். பெரியம்மா முதல் கையெழுத்து போட்டிருக்கிறார்.